‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’: கடிதத்தின் தேதி ஒன்று, கணக்குத் தொடங்கும் தேதி வேறு

ஜூரோங் தொழிற்பேட்டையில் வேலை செய்வோரின் கைக்கு வரும் தாள்களில் ஓர் ஆங்கிலத் தொடர் அடிக்கடி இடம்பெறும். சம்பள உயர்வுக் கடிதம், விடுதிக் கட்டண அறிவிப்பு, வேலை நேர மாற்றம், பணிநீக்கக் கடிதம் என எதுவாக இருந்தாலும் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ என்ற மூன்று சொற்களும் அவற்றின் பின்னால் ஒரு தேதியும் இருக்கும். இடம் குறைவாக இருந்தால் ‘டபிள்யூ.இ.எஃப்.’ என்று மூன்று எழுத்துகளாகச் சுருங்கிவிடும்.

கடிதம் கைக்கு வந்ததும் பலர் முதலில் பார்ப்பது மேலே வலப்பக்கத்தில் உள்ள தேதியை. அடுத்ததாகப் பார்ப்பது தொகையை. ஆனால் அந்தத் தொகை என்றிலிருந்து கிடைக்கும், அந்த விதி என்றிலிருந்து பொருந்தும் என்பதைச் சொல்வது இந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் வரும் தேதிதான். அதைத் தவறாகப் படித்தால் சில நாள் சம்பளமோ, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்போ, சில நேரங்களில் பெரிய இழப்பீட்டுத் தொகையோ கைநழுவிப் போகலாம்.

பொருள் என்ன?

‘எஃபெக்ட்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ‘விளைவு’ அல்லது ‘பாதிப்பு’. மருந்துப் பெட்டியில் பக்கவிளைவைக் குறிக்க வரும் சொல்லும் அதுவே. ஆனால் இந்தத் தொடரில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. இங்கே அது ‘செல்லுபடியாகும் தன்மை’ என்பதைக் குறிக்கிறது. ஒரு முடிவு எந்த நாளிலிருந்து செல்லுபடியாகிறதோ அந்த நாளை இத்தொடர் சுட்டுகிறது.

சிங்கப்பூர்த் தமிழில் இதற்கு ஈடாக ‘முதல் நடப்புக்கு வரும்’ என்று எழுதுவது வழக்கம். தமிழ்நாட்டில் ‘முதல் அமலுக்கு வரும்’, ‘முதல் நடைமுறைக்கு வரும்’ என்பார்கள். மூன்றும் ஒரே பொருள்தான். ஆங்கிலத்தில் தேதி தொடருக்குப் பின்னால் வரும். தமிழில் தேதி முன்னால் வந்து ‘முதல்’ என்ற சொல் பின்னால் சேரும்.

இது பிரிட்டிஷ் ஆங்கில மரபில் வந்த அலுவலக வழக்கு. அதனால் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை அலுவலகங்களில் பரவலாகக் காணப்படுகிறது. அமெரிக்க நிறுவனங்களின் கடிதங்களில் இதே இடத்தில் ‘எஃபெக்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லும் அதையடுத்துத் தேதியும் இருக்கும். ஜூரோங்கில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் கடிதங்களில் இரண்டு வகையையும் பார்க்கலாம். பொருளில் வேறுபாடு இல்லை.

அந்த நாளும் சேருமா?

சேரும். ‘ஜூலை 1 முதல்’ என்றால் ஜூலை 1ஆம் தேதியும் கணக்கில் உண்டு. ஜூலை 1ஆம் தேதி காலையில் செய்த வேலைக்கும் புதிய சம்பள விகிதம்தான்.

‘ஆன் ஆர் ஆஃப்டர்’ என்ற தொடரும் அப்படியே. ‘அந்த நாளிலோ அதற்குப் பின்னரோ’ என்பது அதன் பொருள். ஆனால் ‘ஆஃப்டர்’ என்ற சொல் மட்டும் தனியாக வந்தால் அந்த நாள் சேராது, மறுநாளிலிருந்துதான் கணக்கு. தமிழில் சொல்லும்போது ‘ஜூலை 1க்குப் பிறகு’ என்று எழுதிவிட்டால் ஒரு நாள் விடுபட்டுவிடும். விடுதியிலோ குடும்பத்திலோ மற்றவர்களுக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்பவர்கள் இங்கே கவனமாக இருப்பது நல்லது.

அந்த ஒரு நாள் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் இடங்கள் உண்டு. சிங்கப்பூரில் ஓய்வுபெறும் வயது 63லிருந்து 64க்கும் மறுவேலைவாய்ப்பு வயது 68லிருந்து 69க்கும் உயர்வது 2026 ஜூலை 1 முதல். 64 என்ற புதிய ஓய்வு வயது 1963 ஜூலை 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பொருந்தும். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி பிறந்தவருக்கு 63 வயது நிறைவதே ஜூன் 30ஆம் தேதியில். அவர் பழைய விதிக்குள் வந்துவிடுகிறார்.

மூன்று தேதிகள்

ஓர் அறிவிப்பில் பொதுவாக மூன்று தேதிகள் இருக்கும். ஒன்று, முடிவு அறிவிக்கப்பட்ட அல்லது கடிதம் எழுதப்பட்ட தேதி. இரண்டாவது, கடிதம் கைக்கு வந்த தேதி. மூன்றாவது, முடிவு நடப்புக்கு வரும் தேதி. ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ சுட்டுவது மூன்றாவதை மட்டுமே.

எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு பொருள் சேவை வரி. அந்த வரி உயரும் காலத்தை அரசாங்கம் 2022 பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. ஆனால் 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது 2023 ஜனவரி 1 முதல். 9 விழுக்காடானது 2024 ஜனவரி 1 முதல். அறிவித்த அன்றே கடையில் விலை மாறவில்லை.

சட்டங்களும் இப்படியே. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நாளிலேயே ஒரு சட்டம் உயிர்பெற வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளில் அது நடப்புக்கு வரும். அந்த நாளைச் சட்ட மொழியில் ‘கமென்ஸ்மென்ட்’ என்பார்கள். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் மேலாளர்களும் நிர்வாகிகளும் முழுமையாகச் சேர்க்கப்பட்ட மாற்றம் 2019 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கிய மேலாளர்கள் அச்சட்டத்தின் கீழ் வரவில்லை.

தொடக்கத்தில் எத்தனை தொடக்கம்

‘தொடக்கம்’ என்று தமிழில் ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கில அலுவலக மொழி பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஜூரோங்கின் வரலாற்றையே எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

அன்றைய நிதி அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ, ஜூரோங்கின் முதல் தொழிற்சாலையான தேசிய இரும்பு, எஃகு ஆலைக்கு 1962 செப்டம்பர் 1ஆம் தேதி அடிக்கல் நாட்டினார். அது கட்டுமானத்தின் தொடக்கம். ஆலை இயங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. தொழிற்பேட்டையை நிர்வகிக்கும் ஜேடிசி எனப்படும் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது 1968 ஜூன் 1ஆம் தேதி. அது சட்டப்படியான தொடக்கம்.

அடிக்கல் நாட்டுவதை ‘கிரவுண்ட்பிரேக்கிங்’ அல்லது ‘ஃபவுண்டேஷன் ஸ்டோன்’ விழா என்பார்கள். திறப்பு விழா ‘இனாகுரேஷன்’ அல்லது ‘அஃபிஷல் ஓப்பனிங்’. பணிகள் தொடங்குவது ‘கமென்ஸ்’. விதி செல்லுபடியாகத் தொடங்குவது ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’. விழா நடந்த நாளும் வேலை தொடங்கிய நாளும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை 2015 ஜூன் 30ஆம் தேதி செயல்படத் தொடங்கியது. அதிகாரபூர்வத் திறப்பு விழா பின்னர் நடந்தது.

‘கமென்ஸ்’ என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பேச்சில் ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ என்று சொல்வதையே அலுவலகத் தாளில் ‘கமென்ஸ்’ என்று எழுதுகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் பட்டமளிப்பு விழாவுக்கு ‘கமென்ஸ்மென்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. படிப்பு முடியும் நாளுக்குத் ‘தொடக்கம்’ என்று பெயரா எனப் பெற்றோர் சிலர் வியப்பதுண்டு. பட்டதாரியாக வாழ்க்கை தொடங்கும் நாள் என்ற பொருளில் வந்த பழைய வழக்கு அது.

வேலைக் கடிதத்தில் ‘கமென்ஸ்மென்ட் டேட்’

ஊழியர்களுக்கு இந்தச் சொல் மிக முக்கியமாவது வேலையில் சேரும் கடிதத்தில். வேலை தொடங்கும் நாள் ‘டேட் ஆஃப் கமென்ஸ்மென்ட்’ என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். 2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்துவடிவில் 14 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நிபந்தனைகளில் வேலை தொடங்கும் தேதியும் ஒன்று. விவரங்களுடன் கூடிய சம்பளச் சீட்டு கட்டாயமானதும் அதே நாளில்தான்.

இந்தத் தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரர் ஒருவர் ஜூன் 16ஆம் தேதி ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்கிறார் எனக் கொள்வோம். அவருக்குப் பின்னர் வரும் கடிதத்தில் வேலை தொடங்கும் நாள் ஜூலை 1 என்று இருக்கிறது. அவரும் கவனிக்காமல் கையொப்பமிட்டுவிடுகிறார்.

முதலில் அடிபடுவது ஜூன் 16 முதல் 30 வரையிலான 15 நாள் சம்பளம். அது எப்படியோ கைக்கு வந்துவிட்டாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மூன்று மாதம் நிறைந்தவருக்கு 5 நாள் வெளிநோயாளி விடுப்பு உண்டு. அது படிப்படியாகக் கூடி, ஆறு மாதம் நிறையும்போது 14 நாளாகும். உண்மையில் அவருக்கு மூன்று மாதம் நிறைவது செப்டம்பர் 15ஆம் தேதி. கடிதத்தின்படியோ செப்டம்பர் 30ஆம் தேதி. செப்டம்பர் 22ஆம் தேதி அவர் காய்ச்சலில் படுத்தால், எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது முடிவாகும்.

ஆண்டு விடுப்புக்கும் அதே மூன்று மாதக் கணக்குதான். ஆகவே கையொப்பமிடுவதற்கு முன் அந்தத் தேதியைப் பார்த்து, தவறு இருந்தால் அப்போதே திருத்தச் சொல்வது எளிது. மாதங்கள் கழிந்தபின் சொன்னால் வருகைப் பதிவேடு, குறுந்தகவல், வங்கிக் கணக்கு என்று ஆதாரம் தேட வேண்டிவரும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு இதற்கும் முந்தைய தாள் ஒன்று உண்டு. ‘ஐபிஏ’ என்று எல்லாரும் சொல்லும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் அது. ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே அது ஊழியரின் கைக்கு வர வேண்டும். அதில் குறித்துள்ள சம்பளத்தை ஊழியரின் எழுத்துவடிவ ஒப்புதல் இல்லாமல், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. ஆகவே ‘சம்பள மாற்றம், டபிள்யூ.இ.எஃப். இன்ன தேதி’ என்று ஒரு தாளை நீட்டி உடனே கையொப்பம் கேட்டால், தொகை கூடுகிறதா குறைகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும். கையொப்பம்தான் ஒப்புதல்.

விபத்து நடந்த நாளா, மனுச் செய்த நாளா?

ஒரு புதிய விதி வந்ததும் எழும் அடுத்த கேள்வி, ‘எது நடந்த நாளை வைத்து இதைப் பார்ப்பது?’ என்பது. வேலையிடக் காய இழப்பீட்டில் இது நன்றாகத் தெரியும்.

வேலையின்போது காயமடைந்தவர்களுக்கான மருத்துவச் செலவின் உச்சவரம்பு 45,000 வெள்ளியிலிருந்து 53,000 வெள்ளியாகவும், மரணம் நேர்ந்தால் வழங்கப்படும் இழப்பீட்டின் உச்சவரம்பு 225,000 வெள்ளியிலிருந்து 269,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டன. இது 2025 நவம்பர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ நடந்த விபத்துகளுக்குப் பொருந்தும். பார்க்க வேண்டியது விபத்து நடந்த நாளை. அக்டோபரில் நடந்த விபத்துக்கு டிசம்பரில் விண்ணப்பித்தாலும் பழைய வரம்புதான்.

வெளிநாட்டு ஊழியர் மருத்துவக் காப்புறுதியிலோ பார்க்க வேண்டிய நாள் வேறு. முதலாளிகள் எடுக்கும் காப்புறுதியின் குறைந்தபட்ச ஆண்டு வரம்பு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியானது, 2023 ஜூலை 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ தொடங்கும் காப்புறுதிகளுக்கு. இங்கே முக்கியம் காப்புறுதி தொடங்கிய நாள். ஊழியர் நோயுற்ற நாள் அல்ல.

எனவே ‘நவம்பர் 1 முதல்’ என்று கேட்டதோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘நவம்பர் 1 முதல் நடக்கும் எதற்கு?’ என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். விடை பெரும்பாலும் அதே வாக்கியத்தில் இருக்கும்.

முன்தேதியிட்ட தொடக்கம்

‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ சுட்டும் நாள் எப்போதும் வருங்காலமாக இருக்க வேண்டியதில்லை. கடிதம் ஆகஸ்ட்டில் எழுதப்பட்டு, சம்பள உயர்வு ஜூன் 1 முதல் என்று இருக்கலாம். இதை ‘ரெட்ராஸ்பெக்டிவ்’ அல்லது ‘பேக்டேட்டட்’ என்பார்கள், தமிழில் ‘முன்தேதியிட்டு’. அப்படியானால் இடைப்பட்ட மாதங்களுக்கான நிலுவைத் தொகை வர வேண்டும். அடுத்த சம்பளச் சீட்டில் அது தனி வரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில நேரங்களில் ஒரே ஆணையில் இரண்டு தொடக்க நாள்கள் இருக்கும். தமிழ்நாட்டில் அரசு ஊழியராக உள்ள உறவினரிடம் கேட்டால் இதற்கு உடனே எடுத்துக்காட்டுச் சொல்வார். ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டித் தமிழக அரசு 2017 அக்டோபரில் ஊதியத்தைத் திருத்தியபோது, கருத்தியலாக 1.1.2016 முதல் என்றும் பணப்பயன் 1.10.2017 முதல் என்றும் ஆணையிட்டது. அதாவது புதிய ஊதியம் 2016 ஜனவரியிலிருந்து இருந்ததாகவே ஏட்டில் கணக்கு வரும். ஆனால் அந்த 21 மாதத்துக்கு நிலுவைப் பணம் வராது. மத்திய அரசு ஊழியர்களுக்கோ 1.1.2016 முதலே பணமும் கிடைத்தது. ஒரே தேதி, ஒரே தொடர். பக்கத்தில் இருந்த ஒரு சொல் வேறுபாட்டை உண்டாக்கியது.

வேலை முடியும்போது

தொடக்கத்தைக் குறிக்கும் இத்தொடர் வேலையின் முடிவிலும் வரும். குழப்பம் அதிகம் நேர்வதும் அங்கேதான்.

‘உங்கள் பணிவிலகல் ஆகஸ்ட் 1 முதல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், கடைசி வேலை நாள் ஜூலை 31ஆ, ஆகஸ்ட் 1ஆ? இரண்டு விதமாகவும் படிக்க இடமுண்டு. ‘கடைசி வேலை நாள் எது?’ என்று கேட்டு, ‘லாஸ்ட் டே ஆஃப் சர்வீஸ்’ என்று தேதியுடன் எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. வேலையை விட்ட ஒருவர் சம்பளப் பாக்கி குறித்து முறையிட, கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். வேலையில் இருந்துகொண்டே முறையிடுபவருக்கு, பிரச்சினை எழுந்ததிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு.

‘வித் இமீடியட் எஃபெக்ட்’ என்றால் ‘உடனடியாக’ என்று பொருள். ஒருவரை உடனடியாக வேலையிலிருந்து நீக்கும்போது, முறையான விசாரணைக்குப் பிறகு ஒழுங்கீனத்துக்காக நீக்கினாலன்றி, முன்னறிவிப்புக் காலத்துக்கு ஈடான சம்பளத்தைத் தர வேண்டும். உடனடி என்ற சொல் அந்தச் சம்பளத்தை இல்லாமல் ஆக்கிவிடாது.

முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் சட்டம் சொல்வது இது: 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு ஒரு நாள், 26 வாரம் முதல் ஈராண்டுக்குள் ஒரு வாரம், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் இரண்டு வாரம், ஐந்தாண்டும் அதற்கு மேலும் நான்கு வாரம். வேலை தொடங்கிய தேதி இங்கேயும் வந்து நிற்கிறது.

அந்தக் காலத்தை எப்படி எண்ணுவது? முன்னறிவிப்புக் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். 3ஆம் தேதி திங்கட்கிழமை ஒரு வார முன்னறிவிப்புக் கொடுத்தால் அது 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. ஆனால் மற்றச் சட்டக் காலக்கெடுக்களில் பொதுவாக, நிகழ்வு நடந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும் என்று சிங்கப்பூரின் ‘இன்டர்பிரிடேஷன் ஆக்ட்’ கூறுகிறது. 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தவருக்கு, முக்கிய வேலை நிபந்தனைகளைக் கொடுப்பதற்கான 14 நாள் கெடு 15ஆம் தேதி முடிவது அதனால்தான்.

எழுதும்போது

இத்தொடரைப் பயன்படுத்தி மின்னஞ்சல் எழுதுவோர் சிலவற்றை நினைவில் வைக்கலாம். ‘எஃபெக்ட்’ என்பதில் முதல் எழுத்து ‘இ’. ‘ஏ’ என்று தொடங்கினால் ‘பாதிப்பது’ என்ற வேறு சொல்லாகிவிடும். தேதிக்குப் பின்னால் ‘ஆன்வர்ட்ஸ்’ என்று மீண்டும் சேர்க்கத் தேவையில்லை. ‘முதல்’ என்ற பொருள் ஏற்கெனவே வந்துவிட்டது. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவது நல்லது. 7/8 என்றால் சிங்கப்பூரில் ஆகஸ்ட் 7. அமெரிக்க வழக்கில் ஜூலை 8.

முடிவு நாள் உள்ள ஏற்பாடு என்றால் ‘இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இரு நாள்களும் உட்பட’ என்று எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. நண்பருக்கோ வீட்டாருக்கோ எழுதும் குறுந்தகவலில் இந்தத் தொடர் தேவையே இல்லை. அங்கே ‘நாளையிலிருந்து’ போதும்.

கையொப்பமிடுவதற்கு முன்

கடிதம் கைக்கு வரும்போது நான்கு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். எந்தத் தேதி முதல்? அந்த நாளும் சேருமா? அன்று முதல் நடக்கும் எதற்குப் பொருந்தும்? இடைப்பட்ட காலத்துக்குப் பணம் வர வேண்டுமா? ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் மனிதவளப் பிரிவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெறலாம். கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்; அது கைக்கு வந்த நாளும் அந்தப் படத்தோடு பதிவாகிவிடும்.

ஆங்கிலக் கடிதம் புரியாத வெளிநாட்டு ஊழியர்கள், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். கையொப்பமிட்ட பிறகு அழைப்பதைவிட, அதற்கு முன் அழைப்பது நல்லது.